இராமேசுவரம் தீவில் குழந்தைகளோடு சிப்பி சேகரிப்பது எப்படி?

இராமேசுவரத்துக்குக் குடும்பமாகச் செல்பவர்களுள் பெரும்பாலோர் 22 தீர்த்தங்களில் நீராடி, கோயிலின் நீண்ட பிரகாரத்தைச் சுற்றி வந்து, மறுநாள் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அந்தப் பயணத்தில் பெரியவர்களின் கவனம் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயச் சுவரின் மீதும் அரிச்சல்முனையின் மீதும் இருக்க, குழந்தைகளோ வண்டியிலிருந்து இறங்கிய நிமிடம் முதல் குனிந்த தலை நிமிராமல் சிப்பி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். பை நிறைய அள்ளிய அந்தச் சிப்பிகள் வீடு சேர்ந்த சில நாட்களிலேயே நாற்றமெடுத்துக் குப்பைக்குப் போவதுதான் வழக்கம். எந்தக் கரைக்கு எப்போது செல்வது, எதைத் தொடக் கூடாது, எடுத்ததை எப்படிக் கழுவி எப்படி வைத்திருப்பது என்பவற்றை முன்கூட்டியே அறிந்துகொண்டால், அந்தப் பைக்குப் பதிலாகப் பல ஆண்டுகள் நிலைக்கும் ஒரு சிறு பெட்டியைக் குழந்தைகளுக்கு உருவாக்கித் தர முடியும்.

காற்றும் கரையும்

இத்தீவுக்கு வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே குணத்தோடு இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும்; மீனவர்கள் இதனைக் கச்சான் காலம் என்பார்கள். வாடைக் காற்று வீசும் அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கலங்கி நிற்கும். அலை கொந்தளிக்கும்போது கடலடி மணல் புரட்டப்பட்டு, அதில் புதைந்து கிடந்த ஓடுகள் கரையை நோக்கித் தள்ளப்படுகின்றன. காற்று தணிந்த பிறகே அவற்றைக் கரையில் நின்று நிதானமாகப் பார்க்க முடியும். ஆகவே அண்மையில் கலங்கியிருந்து இப்போது அமைதியடைந்துள்ள கரை எதுவோ அதற்கே செல்ல வேண்டும். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் செல்பவர்களுக்குத் தெற்குக் கரையும், தைப் பொங்கலுக்குப் பிறகு செல்பவர்களுக்கு வடக்குக் கரையும் ஏற்றவை என்று பொதுவாகச் சொல்லலாம். மே மாத இறுதியில் குழந்தைகளோடு தெற்குக் கரையில் நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கச்சான் வலுக்கத் தொடங்கும் அந்த நாட்களில் மணல் முகத்தில் அறையும், வெயிலும் தாங்காது.

இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், கட்ச் வளைகுடாவைப் போலக் கடல் வெகுதூரம் உள்வாங்கிப் பரந்த சேற்று நிலத்தைக் காட்டிச் செல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எனினும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு சற்றுக் கூடும். அதைத் தெரிந்துகொள்ள வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே போதும். அந்நாட்களில் நீர் மேலேறி விட்டுச்சென்ற குப்பைக் கோடு கரையில் தெளிவாகத் தெரியும். கடற்பாசியும் கடற்புல்லும் மரத்துண்டுகளும் ஒதுங்கிக் கிடக்கும் அந்தக் கோட்டில்தான் தேட வேண்டும், வெற்று மணலில் அன்று. பெரிய ஓடுகள் கடலை ஒட்டிய கீழ்க்கோட்டிலும், எடை குறைந்த சிறு ஓடுகள் மேல்கோட்டில் காய்ந்த கடற்புல்லுக்கு அடியிலும் கிடைக்கும். வடக்குக் கரையில் கடற்புல் குவியல்களை ஒரு குச்சியால் மெல்லக் கிளறினால், விரல்நகத்தைவிடச் சிறிய, வண்ணம் மாறாத சங்குகள் தட்டுப்படும். எல்லோரும் பெரியதையே தேடுவதால் இவற்றுக்குப் போட்டியில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, அக்கினி தீர்த்தக் கரையில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. அங்கே கூட்டமும் சடங்குப் பொருள்களும்தான் மிகுதி. அரிச்சல்முனையிலும் வண்டிகள் நிற்கும் இடத்தைச் சுற்றி எதுவும் மிஞ்சியிருக்காது. தனுஷ்கோடிச் சாலையின் தெற்குக் கரையில் கூட்டம் இறங்கும் இடத்தை விட்டு அரைக் கிலோமீட்டர் நடந்தாலே நிலைமை மாறிவிடும். ஆனால் அந்தக் கரை சட்டென்று ஆழமாகிறது, நீரோட்டமும் வலுவானது. முனையில் குளிப்பதற்குத் தடை இருப்பது இதனால்தான். குழந்தைகள் ஈர மணலின் விளிம்பைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பெரியவர் சிப்பியைப் பாராமல் கடலையும் குழந்தைகளையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. அந்த வேலையை முறைவைத்து மாற்றிக்கொள்ளலாம்.

சாலைக்கு வடக்கே விரியும் உப்பங்கழிக்குள் இறங்கக் கூடாது. பூநாரைகள் வந்து தங்கும் அப்பகுதியைத் தமிழ்நாடு அரசு 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துள்ளது. சேறும் கால்களை விழுங்கும். ஆண்டின் முதல் மூன்று நான்கு மாதங்களில் பங்குனி ஆமைகள் தெற்குக் கரையில் முட்டையிட வருவதால், மணலில் இரட்டைத் தடமோ வனத்துறை நட்ட குச்சிகளோ தென்பட்டால் விலகி நடக்க வேண்டும். அதிகாலையில் செல்வதே எவ்வகையிலும் சிறந்தது. வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரம் கிடைக்கும், இரவில் ஒதுங்கியவற்றை வேறு யாரும் பொறுக்கியிருக்கவும் மாட்டார்கள். மாலையில் சென்றால் இருட்டுமுன் தனுஷ்கோடியை விட்டு வெளியேற வேண்டியிருக்கும் என்பதால் அவசரமே மிஞ்சும்.

மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. படகில் அங்கே கொண்டுபோய் விடுவதாக யாரேனும் தனியாக அழைத்தால் மறுத்துவிட வேண்டும். வனத்துறை தானே அழைத்துச் செல்லும் சுற்றுலாவில் பங்கேற்கலாம். ஆனால் அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது.

எதை எடுக்கக் கூடாது?

இந்தப் பகுதியைப் பெரியவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனெனில் தவறு செய்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் குழந்தைகள் அல்லர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001-இல் பவளங்கள், கடல் அட்டைகள், கடற்குதிரைகள் ஆகியவற்றோடு 24 வகைச் சங்கு சிப்பி இனங்களும் சேர்க்கப்பட்டன. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டபோது அட்டவணைகள் மாற்றி அமைக்கப்பட்டன. தண்டனை உயிருள்ளவற்றைப் பிடிப்பதற்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியலில் உள்ள உயிரினத்தின் காய்ந்த ஓட்டையோ துண்டையோ வைத்திருப்பதும் குற்றமாகலாம். கரையில் வெள்ளையாக உடைந்து கிடக்கும் பவளத் துண்டு இதற்கு முதல் எடுத்துக்காட்டு. புள்ளி புள்ளியாகவோ நட்சத்திரம் நட்சத்திரமாகவோ துளைகள் கொண்ட, கல்லைப் போன்ற எதையும் குழந்தைகள் எடுக்கக் கூடாது என்று விதித்துவிடுவது எளிது. கடைகளில் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டப்படும் இராமர் கல்லையும் இந்தக் காரணத்துக்காகவே வாங்காமல் இருப்பது நல்லது. அவற்றுட் பல பவளத்தின் எலும்புக்கூடுதான்.

சங்குகளில் கொம்புள்ள பெரிய தலைக்கவசச் சங்கு, டிரைட்டன் எக்காளச் சங்கு, அறைகள் கொண்ட நாட்டிலஸ், அலையலையான விளிம்புடைய இராட்சதச் சிப்பி ஆகியவை பட்டியலில் இருந்தவை. ஐவிரல் சங்கின் நிலை சற்றுச் சிக்கலானது: அதன் நெருங்கிய உறவினங்கள் பல பட்டியலில் இருந்தவை, அவற்றைப் பிரித்தறிவதோ பழகிய கண்ணுக்கே கடினம். விரல் நீட்டிய எந்தச் சங்கையும் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுவதுதான் என் வழக்கம். சிறு சிப்பிகளிலும் சின்னச் சங்குகளிலும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. குடும்பச் சேகரிப்புக்கு அவையே போதும். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினர்கள் திரும்பும்போது எடுத்துச் செல்வதாக இருந்தால், தங்கள் நாட்டுச் சுங்க விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு பாதிகளும் இறுக மூடியிருக்கும் சிப்பி உயிரோடு இருக்கிறது. சங்கின் வாயைக் கொம்புபோன்ற பழுப்பு மூடி அடைத்திருந்தால் அதுவும் உயிரோடுதான் இருக்கும். வாய் திறந்திருக்கும் சங்கிலும் துறவி நண்டு குடியிருக்கலாம். தொட்டவுடன் அது உள்ளே இழுத்துக்கொள்வதால் வெற்று ஓடு போலத் தோன்றும். ஐயமுள்ள அனைத்தையும் ஒரு வாளிக் கடல்நீரில் இட்டுப் பத்து நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைத்துவிடும். குழந்தைகளுக்கு இந்தப் பத்து நிமிடம்தான் பெரும்பாலும் அந்த நாளின் சிறந்த பகுதியாக அமைகிறது. பார்த்து முடித்ததும், எங்கே எடுத்தார்களோ அங்கேயே நீரில் விடச் செய்ய வேண்டும். ஆட்டுக்கடாக் கொம்பாக முறுக்கிய, தாள் அடுக்குகளால் ஆனதுபோன்ற பொருள் ஒன்று சில வேளை ஒதுங்கும். அது சங்கின் முட்டைக்கூடு. காய்ந்து வெறுமையாக இருந்தால் பார்க்கலாம், ஈரமாகவும் கனமாகவும் இருந்தால் கடலில் விட வேண்டும்.

ஒரே ஒரு வகையைப் பற்றி மட்டும் அச்சுறுத்தியே வைக்க வேண்டும். ஐஸ்கிரீம் கூம்பை ஒத்த வடிவமும், நீளம் முழுவதும் ஓடும் குறுகிய பிளவான வாயும் கொண்ட கூம்புச் சங்குகளுள் நஞ்சு உடையவை உண்டு. அவற்றுள் சில மனிதரையே கொல்லக்கூடியவை. ஈட்டியைப் போன்ற பல்லை அவை வெளியே நீட்டிக் குத்தும். அகன்ற முனையைப் பிடித்தால் ஆபத்தில்லை என்று சொல்வது சரியன்று, அந்த நீட்சி ஓட்டின் மறுமுனை வரைகூட எட்டும். ஆகவே கூம்பு வடிவம் கண்டால் கையால் எடுக்காமல் பெரியவரை அழைக்க வேண்டும், எந்தச் சங்கையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. குத்துப்பட்டுவிட்டால் அந்தக் கை கால் அசையாதபடி துணியால் அழுத்திச் சுற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதற்கு முறிமருந்து இல்லை, மூச்சு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை. காலில் செருப்பு இருந்தால் கடல் முள்ளெலியும் கண்ணாடித் துண்டும் உறுத்தமாட்டா. கரையில் கிடக்கும் சொறியை (ஜெல்லி மீனை) செத்துவிட்டது என்று எண்ணித் தொடக் கூடாது.

எதைத் தேடுவது?

இரண்டு பாதிகளால் ஆன சிப்பிகள் எங்கும் கிடைக்கும் என்பதால் அவற்றிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு பாதியும் இடம், வலம் என ஏதோ ஒரு பக்கத்துக்கு உரியது. ஒரே வகையில் இரண்டு பக்கங்களையும் ஒரே அளவில் தேடிப் பொருத்திப் பார்ப்பது ஆறு வயதுக் குழந்தையையும் அரை மணி நேரம் ஈடுபடுத்தும். அதைவிடச் சுவையானது துளை உள்ள சிப்பி. துளையைக் கடல் போட்டதாகப் பலர் நினைத்து மாலை கோக்க எடுத்துச் செல்கிறார்கள். கிண்ணம் போல வெளியே அகன்று உள்ளே குறுகும் வட்டத் துளையென்றால், மணலுக்குள் ஊர்ந்து வேட்டையாடும் நிலாச் சங்கு தன் நாக்கால் அராவி அமிலத்தால் இளக்கித் துளைத்து உள்ளிருந்த உடலைத் தின்றது என்று பொருள். விளிம்பு நேராக இறங்கும் சிறு துளை முள்ளிச் சங்கு வகையின் வேலையாக இருக்கும். துளை முழுமையாக ஊடுருவாமல் பாதியில் நின்றிருந்தால் சிப்பி தப்பிவிட்டது. இவ்வாறு துளைகளைப் பார்த்து யார் யாரைத் தின்றார்கள் என்று சொல்லப் பழகிய குழந்தை, பிறகு முழுச் சிப்பியைவிடத் துளைச் சிப்பியையே விரும்பி எடுக்கும்.

சங்குகளில், வெண்மையில் பழுப்புத் திட்டுகள் கொண்ட புறாமுட்டைச் சங்கு எளிதில் அடையாளம் தெரியும். தட்டையான சுழல்மாடிப்படி போன்ற வட்டச் சங்கும் கிடைக்கும். அதன் அடிப்புறத்துக் குழியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். உட்புறம் மின்னும் முத்துச்சிப்பிப் பாதிகள், ஆனைமுள்ளிச் சங்கின் உடைந்த கிளைகள், இலேசான வெள்ளைக் கணவாய் ஓடு ஆகியவையும் அவ்வப்போது ஒதுங்கும். சோழியின் பளபளப்பு அதன் உயிருள்ள தோல் மேலே போர்த்தியிருப்பதால் வருவது. ஆகவே கண்ணாடிபோல் மின்னும் சோழி உயிரோடு இருக்கலாம் அல்லது அண்மையில்தான் இறந்திருக்கும். மங்கியது நெடுநாள் கரையில் உருண்டது.

கரைவலை இழுக்கும் இடங்களிலும், நண்டு வலையிலிருந்து சிக்கலை எடுக்கும் இடங்களிலும் அலை ஒதுக்காத வகைகள் கிடைக்கும். ஆனால் அவை மீனவர்களின் உழைப்பிடம் என்பதை மறக்கக் கூடாது. வலையில் வரும் வெண்சங்கு அவர்களுக்கு விலை போகும் பொருள். வங்காளத்துச் சங்கு வளையல்களுக்கு இக்கடலிலிருந்து சங்கு போவது நெடுங்காலத்து வணிகம். ‘அண்ணே, ஒதுக்கி வச்சது வேண்டாமா, எடுத்துக்கலாமா?’ என்று கேட்டுவிட்டு எடுப்பதே முறை. பெரும்பாலும் தாராளமாகத் தருவார்கள், பெயரும் சொல்லித் தருவார்கள். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதில் நான் கண்டிப்பானவன்: வகைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நாள் முடிவில் ஒரு துண்டை விரித்து எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொரு குழந்தையும் ஏன் இதை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவை அதே கரைக்குத் திரும்ப வேண்டும். வெற்று ஓடுதானே என்று நினைக்கலாம். துறவி நண்டு வளர வளரப் பெரிய ஓடு தேடி மாறுகிறது, சிறு உயிர்கள் ஓட்டின் மீது ஒட்டி வாழ்கின்றன, பொடியான ஓடே மணலாகிறது. ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஒரு கடற்கரையில் 1978 முதல் 1981 வரையிலான கணக்கையும் 2008 முதல் 2010 வரையிலான கணக்கையும் ஒப்பிட்டவர்கள், சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய மூன்று மடங்கான காலத்தில் சிப்பிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததைக் கண்டார்கள். தனுஷ்கோடிக்கு ஒரு நாளில் வரும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடையில் வாங்குவது பற்றி

கோயில் வீதிக் கடைகளில் மின்னுபவற்றுள் பல அமிலத்தில் முக்கி மேல்தோல் அகற்றப்பட்டவை, வேறு கடல்களிலிருந்து வந்தவையும் உண்டு. இடம் தெரியாத ஓடு அலங்காரப் பொருளாகலாமே தவிர, குழந்தையின் சேகரிப்பில் இடம்பெறத் தகுதியற்றது. வலம்புரிச் சங்கு என்று பெரும் விலை சொன்னால், சுழல்கள் கூடி முடியும் கூர்முனை மேலே இருக்க வாய் தம்மை நோக்கும்படி பிடித்துப் பார்க்க வேண்டும். சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும், வலம்புரியில் இடப்பக்கம் இருக்கும். ஆனால் இயல்பாகவே இடப்பக்கம் வாய் கொண்ட வேறொரு அமெரிக்கச் சங்கினத்தை வலம்புரி என்று விற்பது பரவலாக நடப்பதால், வாயின் உட்புறத் தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது இன்றியமையாதது. அமெரிக்கச் சங்கில் அவை இரா.

கழுவுதல், குறித்தல், வைத்தல்

தங்கும் விடுதியிலேயே நல்ல தண்ணீரில் அலசி, பழைய பல் துலக்கியால் தேய்த்து, நிழலில் உலர்த்திப் பிறகே கட்ட வேண்டும். மெல்லிய சிப்பிகளை உடைபடாமல் கொண்டுவரப் பழைய துணியும் மூடியுள்ள டப்பாவும் போதும். வீட்டுக்கு வந்ததும் நாள்தோறும் தண்ணீரை மாற்றி நான்கைந்து நாட்கள் ஊறவைத்தால் உப்பு முழுவதும் இறங்கும். இதைச் செய்யாவிட்டால் மழைக்காலத்தில் ஓடு கசியும். உள்ளே ஏதேனும் காய்ந்து நாறினால் தோட்டத்து மூலையில் வைத்து எறும்புகளிடம் விட்டுவிடுவதே எளிய வழி. பாசி படிந்தவற்றைச் சலவை வெளுப்பானைத் தண்ணீரில் கலந்து சிறிது நேரம் மட்டும் ஊறவைக்கலாம், அதையும் பெரியவர்களே செய்ய வேண்டும். எலுமிச்சைச் சாறு, வினிகர், கழிப்பறை அமிலம் ஆகியவற்றைத் தொடவே கூடாது: ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது, அமிலத்தில் கரையும். வெளுப்பானோடு அமிலம் கலந்தால் நச்சுவாயுவும் எழும். வார்னிஷ் பூசினால் சில ஆண்டுகளில் மஞ்சளாகும். ஒரு துளி கனிம எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தாலே நிறம் மீளும்.

ஒவ்வொரு ஓட்டோடும் ஒரு சிறு தாளில் இடம், நாள், எந்த நிலையில் கிடைத்தது, யார் எடுத்தார் என்று பென்சிலால் எழுதிச் சேர்க்க வேண்டும். ‘தனுஷ்கோடி தெற்குக் கரை, மேல்கோடு, கடற்புல்லுக்கு அடியில்’ என்பது போல எழுதினால் போதும். மை காலப்போக்கில் மங்கும், ஈரத்தில் பரவும், பென்சில் நிற்கும். வகையின் பெயர் தெரியாவிட்டால் வெற்றிடம் விடலாம், பின்னர் நிரப்பிக்கொள்ளலாம். இடமும் நாளும் விட்டுப்போனால் அவற்றைப் பிற்பாடு யாராலும் தர முடியாது. ஊர் திரும்பும் வழியில் மண்டபம் முகாமிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அருங்காட்சியகம் பார்வைக்குத் திறந்திருந்தால், அங்குள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சில பெயர்களை அங்கேயே எழுதிவிடலாம்.

வைக்கும் பெட்டி மரத்தாலோ அட்டையாலோ ஆனதாக இருக்கக் கூடாது என்பது பலருக்கு வியப்பளிக்கும். மரமும் மலிவான அட்டையும் மெல்ல வெளியிடும் அமில ஆவி, மூடிய பெட்டிக்குள் ஓட்டின் மேற்பரப்பைத் தின்று வெண்பொடியாக்கும். 1899-இல் இதனை விவரித்த ஆங்கிலேயச் சேகரிப்பாளரின் பெயரால் பைன் நோய் என்று இது அழைக்கப்படுகிறது. தொற்று எதுவுமில்லை, வெறும் வேதிவினைதான். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, கண்ணாடிச் சீசா, எவர்சில்வர் டப்பா ஆகியவை பாதுகாப்பானவை. ஆண்டுக்கு இரண்டு முறை திறந்து பார்த்து, பொடி படிந்த ஓடு ஏதேனும் இருந்தால் அதைத் தனியே எடுத்து, நல்ல தண்ணீரில் ஊறவைத்து நன்கு உலர்த்தி, வேறு டப்பாவில் வைக்க வேண்டும். குறிப்புத் தாளிலும் அமிலம் ஏறியிருக்கும் என்பதால் அதையும் புதிதாக எழுதி மாற்ற வேண்டும்.